சூடான்: ஆயுதம் தருபவர்களே அமைதி பேசும் போர்

எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் கடலைப் புண்ணாக்கை சூடானில் 'அம்பாஸ்' என்பார்கள். ஆடுமாடுகளுக்கு வைப்பது. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வட டார்ஃபூர் மாநிலத்தின் தலைநகரான எல் ஃபாஷரில் மனிதர்கள் அதைத் தின்றுதான் உயிர்பிழைத்தார்கள். பிறகு அதற்கும் தட்டுப்பாடு வந்தது. நகரத்தை முற்றுகையிட்டிருந்த துணை ராணுவப் படை, பல கிலோமீட்டர் நீளத்துக்கு மண்கரை எழுப்பி, உள்ளே தானியம் போகாமலும் வெளியே ஆள் வராமலும் அடைத்தது. அந்தக் கரை நாளுக்கு நாள் வளர்வதை யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று செயற்கைக்கோள் படங்களில் பார்த்து, அறிக்கைமேல் அறிக்கையாக வெளியிட்டது. என்ன நடக்கப்போகிறது என்பது உலகத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

சுமார் 18 மாத முற்றுகைக்குப் பிறகு, அக்டோபர் 26 அன்று எல் ஃபாஷர் வீழ்ந்தது. அங்கிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. கொன்றவர்களே கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பினார்கள். தண்டனை குறித்த பயம் அவர்களுக்கு இல்லை.

அந்தப் படைக்குக் குண்டு எங்கிருந்து வந்தது, ட்ரோன் யார் கொடுத்தது, சம்பளம் எந்தப் பணத்தில் போனது என்று தேடிக்கொண்டு போனால், விடைகள் சூடானுக்கு வெளியேதான் கிடைக்கின்றன. எதிர்த்தரப்பான ராணுவத்துக்கும் இதே கதைதான். இரண்டு தளபதிகளின் பதவிச் சண்டை என்று இந்தப் போரைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. தொடங்கியதற்கு அந்த விளக்கம் போதும். வருடக்கணக்கில் ஓயாததற்குப் போதாது.

கூட்டாளிகள் எதிரிகளான கதை

ராணுவத்தின் தலைவர் ஜெனரல் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹான். எதிரே நிற்பவர், எல் ஃபாஷரை முற்றுகையிட்ட அந்தத் துணை ராணுவத்தின், அதாவது ஆர்.எஸ்.எஃப். எனப்படும் அதிவிரைவு ஆதரவுப் படையின் தலைவர் முகமது ஹம்தான் டகாலோ. எல்லோரும் அவரை ஹெமெட்டி என்றே அழைக்கிறார்கள். ஒட்டக வியாபாரத்தில் தொடங்கியவர்.

2003-இல் மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது, அன்றைய அதிபர் ஒமர் அல் பஷீர் அரபு மேய்ச்சல் குழுக்களின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். ஜஞ்சவீத் என்று பெயரெடுத்த அந்தக் குதிரைப் படைகள் கருப்பின விவசாயக் குடிகளின் ஊர்களை எரித்தன. வன்முறையிலும் பசியிலும் நோயிலுமாகச் சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. ஹெமெட்டி அந்தப் படைகளின் வழியாக மேலே வந்தவர். 1989-இல் ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த பஷீருக்கு, அதே ராணுவம் தன்னையும் கவிழ்த்துவிடும் என்ற பயம் விட்டுப்போகவில்லை. தன்னைக் காக்கத் தனியாக ஒரு படை வேண்டும் என்று 2013-இல் ஜஞ்சவீத்தின் ஒரு பகுதிக்குச் சீருடை மாட்டி ஆர்.எஸ்.எஃப். ஆக்கினார்.

2019 ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கியபோது பஷீரை ராணுவமும் காப்பாற்றவில்லை, ஆர்.எஸ்.எஃப்.பும் காப்பாற்றவில்லை. ஆனால் மக்களுக்கு ஆட்சியைக் கொடுக்கவும் இருவருக்கும் மனமில்லை. அந்த ஜூன் 3 அன்று கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் முன் உட்கார்ந்து போராடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பிறகு வந்த கூட்டு அரசில் அப்தல்லா ஹம்டோக் பிரதமராக இருந்தார். 2021 அக்டோபரில் புர்ஹானும் ஹெமெட்டியும் சேர்ந்தே அவரைக் கவிழ்த்தார்கள். மீண்டும் மக்களாட்சிக்குத் திரும்ப 2022 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஆர்.எஸ்.எஃப். எத்தனை வருடத்தில் ராணுவத்தோடு இணைய வேண்டும் என்பதில் பேச்சு முறிந்தது. ராணுவம் 2 வருடம் என்றது. ஹெமெட்டி 10 வருடம் கேட்டார். 2023 ஏப்ரல் 15 காலை, தலைநகர் கார்ட்டூமில் சண்டை தொடங்கியது.

இந்த வரலாற்றில் வெளியார் கை போருக்கு வெகு முன்பே இருக்கிறது. 2015-இல் ஏமன் போரில் இறங்கிய சவூதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் தரையில் நின்று சண்டை போட ஆள் தேவைப்பட்டது. சூடான் ஆயிரக்கணக்கில் அனுப்பியது. ராணுவத்தின் பக்கம் அந்தப் படைகளை ஒருங்கிணைத்த அதிகாரி புர்ஹான். கூலிக்கு ஆள் தந்து தனக்கென்று கஜானாவும் வளைகுடாவில் செல்வாக்கும் சேர்த்துக்கொண்டவர் ஹெமெட்டி. ஐரோப்பிய ஒன்றியம் தன் பங்குக்கு, லிபியா வழியாகக் கடல் தாண்டும் அகதிகளைத் தடுக்க 2014-இலிருந்து சூடானோடு ஒத்துழைத்தது. ஆர்.எஸ்.எஃப்.புக்கு நேரடியாகப் பணம் தரவில்லை என்கிறது ஒன்றியம். ஆனால் ஐரோப்பாவுக்காகத் தான் எல்லையைக் காப்பதாக ஹெமெட்டி வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். பஷீர் விழுந்த பத்தே நாளில், புதிய ராணுவக் குழுவுக்கு 300 கோடி டாலர் உதவியை சவூதியும் அமீரகமும் சேர்ந்து அறிவித்தன. தெருவில் போராடிய மக்கள் பொதுமக்கள் ஆட்சி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெளியிலிருந்து வந்த முதல் பெரிய பணம் ராணுவத்துக்குத்தான் வந்தது. அதற்குப் பின் நடந்த எல்லாவற்றிலும் இதன் நிழல் உண்டு என்பது என் எண்ணம்.

தங்கம் போகும் வழி

2011-இல் தெற்கு சூடான் தனி நாடானபோது, பழைய சூடானின் எண்ணெய் வளத்தில் நான்கில் மூன்று பங்கு அதோடு போய்விட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது தங்கம். வட டார்ஃபூரின் ஜெபல் ஆமிர் மலைப்பகுதியில் தங்கம் கிடைத்ததும், பல்லாயிரம் பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குழிதோண்டக் கூடினார்கள். அந்த மலையைக் கையில் வைத்திருந்த இன்னொரு ஜஞ்சவீத் தலைவர் மூசா ஹிலாலை 2017-இல் ஹெமெட்டி கைது செய்து, சுரங்கங்களைத் தன் வசமாக்கினார். அவருடைய குடும்பம் நடத்தும் அல் ஜுனைத் என்ற நிறுவனம் அதன்பின் சூடானின் பெரிய தங்க வணிகர்களில் ஒன்றானது. அரசு ஊதியத்தை நம்பியிராத, தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கொள்ளும் ஒரு படை அப்படித்தான் உருவானது.

தங்கத்தை ஒருமுறை உருக்கிவிட்டால் அது எந்தக் குழியிலிருந்து வந்தது என்று கட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லை தாண்டி சாட் நாட்டுக்கோ எகிப்துக்கோ லிபியாவுக்கோ போய்விட்டால், அங்கிருந்து அந்த நாட்டுத் தங்கமாகவே ஏற்றுமதியாகும். போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் துபாய். ஸ்விஸ்எய்ட் என்ற சுவிட்சர்லாந்து அமைப்பு வணிகப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2023-இல் சூடானிலிருந்து நேரடியாக 17 டன் தங்கம் இறக்குமதி செய்த அமீரகம், 2024-இல் 29 டன் இறக்குமதி செய்தது. போர் நடக்கும் நாட்டிலிருந்து வரும் சரக்கு ஒரே வருடத்தில் இந்த அளவு கூடியிருக்கிறது. அண்டை நாடுகள் வழியாகச் சுற்றிப் போனது இதில் சேராது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ராணுவத்தின் நடத்தை. செங்கடல் துறைமுக நகரான போர்ட் சூடானில் அமர்ந்திருந்த ராணுவ அரசு, அமீரகத்தை எதிரி என்று உலக அரங்குகளில் சாடிக்கொண்டே, தன் வசம் இருந்த சுரங்கங்களின் தங்கத்தில் பெரும்பகுதியை 2024-இல் அதே அமீரகத்துக்குத்தான் விற்றது. அந்த வருடம் அரசுக் கணக்கில் பதிவான தங்க உற்பத்தி மட்டும் சுமார் 64 டன். ஒரே சந்தை இரண்டு தரப்பின் போர்ச் செலவுக்கும் காசு தந்திருக்கிறது. சந்தையை வைத்திருப்பவருக்கு இருக்கும் பிடி எவ்வளவு பெரியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு உதாரணம் தேவையில்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் ஓடுபாதை

சாட் நாட்டின் வடகிழக்கு மூலையில், பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் சிற்றூர் அம்ஜராஸ். 2023 ஜூலையில் அமீரகம் அங்கே சூடான் அகதிகளுக்காக ஒரு கள மருத்துவமனை திறந்தது. கூடவே அங்கிருந்த விமான ஓடுபாதையில் சரக்கு விமானங்கள் அடிக்கடி இறங்கத் தொடங்கின. மருந்தும் நிவாரணப் பொருளும்தான் வந்தன என்பது அமீரகத்தின் விளக்கம். ஆனால் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு 2024 ஜனவரியில் அறிக்கை தந்த நிபுணர் குழு, அங்கே இறங்கும் விமானங்களிலிருந்து ஆயுதங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு டார்ஃபூருக்குப் போவதாக எழுந்த குற்றச்சாட்டுகளை நம்பத்தகுந்தவை என்றது. ஆர்.எஸ்.எஃப்.புக்கு எந்த ஆயுதமும் தரவில்லை என்று அமீரகம் இன்றுவரை மறுத்துவருகிறது.

பொருட்கள் மறுக்கவில்லை. 2024 நவம்பரில், வட டார்ஃபூர்ப் பாலைவனத்தில் ஆர்.எஸ்.எஃப்.புக்குப் போய்க்கொண்டிருந்த வாகனத் தொடர் ஒன்றை எதிர்த்தரப்பு மடக்கியது. பிடித்தவர்கள் பெட்டிகளைத் திறந்து கைப்பேசியில் காட்டினார்கள். உள்ளே 81 மில்லிமீட்டர் மார்ட்டர் குண்டுகள். அவற்றின்மேல் இருந்த குறியீடுகளை வைத்து பிரான்ஸ் 24 தொலைக்காட்சியின் புலனாய்வாளர்கள் தேடியபோது, குண்டுகள் பல்கேரியாவில் செய்யப்பட்டு அமீரகத்துக்கு விற்கப்பட்டவை என்று தெரிந்தது. வேறு நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்ய அனுமதி கொடுக்கவில்லை என்றது பல்கேரியா. அதே வாகனங்களில் கொலம்பியா நாட்டவர்களின் அடையாள ஆவணங்களும் கிடந்தன. அமீரகத்தில் காவல் வேலை என்று சொல்லி அழைத்துவரப்பட்ட முன்னாள் கொலம்பிய ராணுவ வீரர்கள், லிபியா வழியாக டார்ஃபூர் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அவர்களைத் திரட்டிய கும்பல்மீது அமெரிக்கா தடை விதித்தது 2025 டிசம்பரில். ஓராண்டு கழித்து.

ஆயுத விற்பனையில் இறுதிப் பயனர் சான்று என்று ஒரு தாள் உண்டு. வாங்கும் அரசு, இதை நான் மட்டுமே பயன்படுத்துவேன், விற்ற நாட்டின் அனுமதியின்றி வேறொருவருக்குக் கைமாற்ற மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திடும். விற்ற நாடு அந்தத் தாளைக் கோப்பில் வைத்துக்கொள்ளும். சரக்கு பிறகு எங்கே போனது என்று கிடங்குக்குப் போய் எண்ணிப் பார்க்கும் நாடுகள் மிகச் சில. 2024-இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல், ஆர்.எஸ்.எஃப். ஓட்டும் அமீரகக் கவச வண்டிகளில் பிரெஞ்சுத் தற்காப்புக் கருவிகள் பொருத்தப்பட்டிருப்பதைக் காட்டியது. 2025 மே மாதம், சீனாவில் செய்த வழிகாட்டு குண்டுகளையும் ஏ.எச்-4 பீரங்கிகளையும் அடையாளம் கண்டு, அவை ஏறக்குறைய உறுதியாக அமீரகம் வழியாக வந்தவை என்றது. பிரான்ஸ் போரில் இல்லை, சீனா போரில் இல்லை, பல்கேரியா போரில் இல்லை. அவற்றின் தொழிற்சாலைப் பொருட்கள் மட்டும் போரில் இருக்கின்றன. விற்ற அரசுகள் விசாரணை கேட்டு உரக்கக் குரல் எழுப்பாததற்குக் காரணம் எளிது. அமீரகம் பெரிய வாடிக்கையாளர், பெரிய முதலீட்டாளர். அமெரிக்காவில் மட்டும் பத்து வருடங்களில் 1.4 லட்சம் கோடி டாலர் முதலீடு செய்வதாக 2025-இல் வாக்குக் கொடுத்த நாடு அது.

அமீரகத்துக்கு இதில் என்ன லாபம்? தங்கம் ஒரு பகுதி விடை. செங்கடல் இன்னொரு பகுதி. 2022 டிசம்பரில் சூடான் கடற்கரையில் அபு அமாமா என்ற இடத்தில் 600 கோடி டாலர் செலவில் துறைமுகமும் பொருளாதார மண்டலமும் கட்ட அமீரக நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. 2024 நவம்பரில் ராணுவ அரசு அதை ரத்து செய்தது. மூன்றாவது, சூடான் ராணுவத்துக்குள் பஷீர் காலத்து இஸ்லாமியவாதிகள் மீண்டும் தலைதூக்குவார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தில் அடிப்படை இல்லாமலும் இல்லை. அல் பரா இப்னு மாலிக் படைப்பிரிவு போன்ற இஸ்லாமியவாத அணிகள் ராணுவத்தோடு சேர்ந்து சண்டையிடுகின்றன. ஆனால் அதற்கு மாற்றாகக் கையில் எடுத்த படை எது என்பதுதான் கேள்வி. 2023-இல் மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனைனாவில் மசாலித் இன மக்களைத் தேடித்தேடிக் கொன்ற படை அது. அந்த ஒரு நகரத்தில் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை சொல்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா இதற்கு இனப்படுகொலை என்றே பெயர் கொடுத்தது.

ராணுவத்தின் நண்பர்கள்

புர்ஹானின் முதல் புரவலர் எகிப்து. நைல் நீரில் எத்தியோப்பியா கட்டிய பெரிய அணையை எதிர்க்க எகிப்துக்கு சூடானில் ஒரு துணை வேண்டும், அது ஒரு ராணுவ அரசாக இருந்தால் இன்னும் வசதி. போர் தொடங்கிய அன்றே மெரோவி விமானத் தளத்தில் இருந்த எகிப்திய வீரர்களை ஆர்.எஸ்.எஃப். பிடித்து, அந்தக் காட்சியை வெளியிட்டது. அவர்கள் கூட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள் என்றது கெய்ரோ.

2023 அக்டோபரில், ஏழு வருடங்களாக அறுந்திருந்த உறவை சூடானும் ஈரானும் புதுப்பித்தன. சில மாதங்களிலேயே ஈரானின் மொஹாஜெர்-6 ட்ரோன்கள் ராணுவத்தின் பக்கம் பறந்தன. துருக்கியிலிருந்து பைரக்தார் டிபி-2 ட்ரோன்கள் வந்தன. பத்திரிகைகளில் வெளியான ஆவணங்களின்படி அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 12 கோடி டாலர். 2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமில் அதிபர் மாளிகையை மீட்டதில் இந்த ட்ரோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்குப் பதிலாக ஆர்.எஸ்.எஃப். தொலைதூர ட்ரோன்களைப் பெற்று, மே மாதமே போர்ட் சூடானின் எரிபொருள் கிடங்குகளைத் தாக்கியது. ஒரு பக்கம் வெளியிலிருந்து புதிதாக ஒன்று பெற, மறுபக்கம் அதற்கு ஈடாக இன்னொன்று பெற, சண்டை மேலும் சில மாதங்கள் நீள்கிறது.

ராணுவத்தின் கையும் சுத்தமில்லை. 2024 டிசம்பரில் கப்காபியா சந்தையிலும், 2025 மார்ச்சில் தோரா சந்தையிலும் அதன் விமானங்கள் வீசிய குண்டுகளில் வார சந்தைக்கு வந்த குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். ரசாயன ஆயுதம் பயன்படுத்தியதாக அமெரிக்கா அதன்மீது குற்றம் சுமத்தியிருக்கிறது. ராணுவம் மறுக்கிறது.

ரஷ்யா இரண்டு பக்கமும் நின்ற நாடு. முதலில் வாக்னர் கூலிப்படை தங்கச் சுரங்கங்கள் வழியே ஹெமெட்டிக்கு நெருக்கமாக இருந்தது. பிறகு, செங்கடலில் கடற்படைத் தளம் வேண்டும் என்ற பழைய ஆசை மாஸ்கோவை போர்ட் சூடான் பக்கம் திருப்பியது. 300 வீரர்களும் 4 கப்பல்களும் இருக்கத்தக்க தளத்துக்கு 2020-லேயே ஒப்பந்தம் உண்டு. 2024 நவம்பர் 18 அன்று, சண்டையை நிறுத்தி மக்களைப் பாதுகாக்கக் கோரும் தீர்மானத்தைப் பாதுகாப்பு அவைக்கு பிரிட்டனும் சியரா லியோனும் கொண்டுவந்தன. 14 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா ஒற்றையாக வீட்டோ போட்டுக் கொன்றது.

கென்யா, கிழக்கு லிபியாவை ஆளும் தளபதி ஹஃப்தார், எரித்திரியா என்று பட்டியல் இன்னும் நீளும். அவை கடந்துபோகும் பாதைகளும் கூட்டம் போட இடங்களும் தருபவை. போரின் போக்கை அவை தனியாக மாற்றிவிடாது.

மேசையைச் சுற்றி

2023 மே மாதம் ஜெட்டாவில் சவூதியும் அமெரிக்காவும் இரு தரப்பையும் கையெழுத்திட வைத்தன. பொதுமக்களைக் காப்போம் என்ற அந்த உறுதிமொழி மை காயுமுன்பே மீறப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு ராணுவம் வரவே இல்லை. 2025 ஏப்ரல் 15, போரின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாளில் பிரிட்டன் லண்டனில் மாநாடு கூட்டியது. அதற்குப் போரிடும் இருவரையுமே அழைக்கவில்லை. அப்படியும் ஒரு கூட்டறிக்கை வெளியிட முடியவில்லை, ஏனென்றால் எகிப்து, சவூதி, அமீரகம் மூன்றும் அதன் வாசகத்தில் ஒத்துப்போகவில்லை. துப்பாக்கி தூக்கிய சூடானியர் ஒருவர்கூட இல்லாத அறையிலேயே சமரசம் முறிந்தது என்றால், முடிச்சு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

2025 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கா, சவூதி, எகிப்து, அமீரகம் நான்கும் சேர்ந்து ஒரு திட்டம் அறிவித்தன: மூன்று மாத மனிதாபிமானப் போர்நிறுத்தம், அதன்பின் ஒன்பது மாதத்தில் பொதுமக்கள் அரசுக்கு மாற்றம். வெளியிலிருந்து வரும் ராணுவ உதவி நிற்க வேண்டும் என்றும் அதில் ஒரு வரி உண்டு. கையெழுத்திட்ட நான்கில் ஒன்று ஒரு தரப்புக்கு ஆயுதம் தருவதாக ஐ.நா. நிபுணர்களே சந்தேகிக்கும் நாடு. இன்னொன்று மறுதரப்பின் வெளிப்படையான ஆதரவாளர். ஆறு வாரத்தில் எல் ஃபாஷர் வீழ்ந்தது. நவம்பரில் ஆர்.எஸ்.எஃப். போர்நிறுத்தத்தை ஏற்பதாகச் சொல்லிவிட்டு, டார்ஃபூருக்குக் கிழக்கே இருக்கும் கொர்தோஃபானில் பாபனூசா நகரைத் தாக்கிக்கொண்டே இருந்தது. அமீரகம் இருக்கும் மேசையை நம்ப முடியாது என்று புர்ஹான் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. அதையே சாக்காக வைத்து உணவு லாரிகளுக்கான போர்நிறுத்தத்தையும் தட்டிக்கழித்தது நியாயமில்லை.

நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. இனப்படுகொலைக்கு உடந்தை என்று அமீரகத்தின்மீது சூடான் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 2025 மே 5 அன்று தள்ளுபடியானது. அமீரகம் குற்றம் செய்யவில்லை என்று நீதிபதிகள் சொல்லவில்லை. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் 2005-இல் சேர்ந்தபோதே, இப்படிப்பட்ட வழக்கை இந்த நீதிமன்றம் விசாரிக்கும் பிரிவை ஏற்க மாட்டோம் என்று அமீரகம் எழுதிவைத்திருந்தது. அந்த வரி போதுமாயிற்று.

ஆயுதத் தடை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, 2004-இலிருந்து இருக்கிறது. டார்ஃபூருக்கு மட்டும். போர்ட் சூடான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ட்ரோன்களை இறக்கினால் அது தடையை மீறியதாகாது. அந்த ட்ரோன் டார்ஃபூர் எல்லையைத் தாண்டிப் பறந்தால்தான் மீறல். கொர்தோஃபானுக்கு அந்தத் தடை பொருந்தாது. இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பிராந்தியக் கிளர்ச்சிக்குத் தைத்த சட்டையை நாடு முழுக்கப் பரவிய போருக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

சோறு போகாத எல்லை

ஆயுதம் இத்தனை எளிதாகக் கடக்கும் எல்லையை கோதுமை மாவு கடக்க முடியவில்லை. சாட் நாட்டிலிருந்து டார்ஃபூருக்குள் போக மிகக் குறுகிய வழி ஆத்ரே. ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் அதன் வழியே வருகிறது என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் ராணுவ அரசு அங்கே நிவாரண லாரிகளை நிறுத்தியது. எல்லையின் மறுபக்கம் ஆர்.எஸ்.எஃப்.பின் கையில் இருந்ததால் ஆயுத லாரிகளை அந்த உத்தரவு தொடவே இல்லை. ஐ.நா.வோ அங்கீகாரம் பெற்ற அரசின் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது என்று காத்திருந்தது. ஆகஸ்ட் முதல் தேதி, எல் ஃபாஷர் அருகே ஸம்ஸம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதி செய்யப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஆத்ரே திறந்தது.

சுமார் 5 கோடி மக்கள் உள்ள நாட்டில் 3 கோடிக்கு மேற்பட்டோருக்கு உதவி தேவை. உச்ச கட்டத்தில் ஏறக்குறைய 1.2 கோடி பேர் வீடிழந்து அலைந்தார்கள். செத்தவர்களை எண்ணியவர் இல்லை. லண்டன் ஆய்வாளர்கள் கார்ட்டூம் மாநிலத்துக்கு மட்டும், முதல் 14 மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்டபோது 61,000-க்கும் மேற்பட்ட மரணங்கள் வந்தன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. 2025-க்கு ஐ.நா. கேட்ட 420 கோடி டாலரில் பாதிகூட வரவில்லை. அபு அமாமா துறைமுகத்துக்கு ஒதுக்கிய தொகை அதைவிடப் பெரியது.

சூடானியர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு ஒன்றுதான் பல ஊர்களில் சோறு போட்டது. அவசர உதவிக் குழுக்கள் என்ற பெயரில் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் பொதுச் சமையலறை நடத்தினார்கள். 2019-இல் பஷீருக்கு எதிராகத் திரண்ட அதே அக்கம்பக்கக் குழுக்கள் பலவும் இவற்றின் வேர். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, நூற்றுக்கணக்கான சமையலறைகள் சில வாரங்களில் அணைந்தன. இந்த இளைஞர்களை இரண்டு தரப்பும் உளவாளி என்று பிடித்து அடைக்கிறது, கொல்கிறது. எந்த சமரச மேசையிலும் அவர்களுக்கு உரிய நாற்காலி போடப்பட்டதில்லை.

இந்தப் போரை வெளியிலிருந்து நிறுத்த முடியாது என்று சொல்பவர்கள் 2025 டிசம்பரைப் பார்க்க வேண்டும். எட்டாம் தேதி ஆர்.எஸ்.எஃப். ஹெக்லிக் எண்ணெய் வயலைப் பிடித்தது. தெற்கு சூடானின் கச்சா எண்ணெயில் ஒரு பகுதி அங்கே பதப்படுத்தப்பட்டுத்தான் குழாய் வழியே கடலுக்குப் போகிறது. குழாய் நின்றால் ராணுவத்துக்கும் நஷ்டம், ஆர்.எஸ்.எஃப்.புக்கும் நஷ்டம், தெற்கு சூடான் அரசுக்கு வருமானத்தில் பெரிய அடி. சில நாட்களில் மூன்று தரப்பும் பேசி முடித்து, தெற்கு சூடான் ராணுவம் அந்த வயலைக் காவல்காக்க வந்து நின்றது. எல் ஃபாஷரின் முற்றுகையை நீக்கக் கோரி 2024 ஜூனில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2736-ஆம் தீர்மானத்துக்குப் பதினாறு மாதத்தில் கிடைக்காத கீழ்ப்படிதல், எண்ணெய்க்கு ஒரு வாரத்துக்குள் கிடைத்தது.

அதேபோல் காசையும் சரக்கையும் தொடும் இடங்கள் வேறும் உண்டு. துபாயின் தங்கச் சுத்திகரிப்பு ஆலைகள் மூலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஆயுதம் விற்ற நாடுகள், கைமாறியது நிரூபணமான வாடிக்கையாளருக்கு அடுத்த உரிமத்தை நிறுத்த வேண்டும். ட்ரோன் விற்கும் அங்காராவுக்கும் தெஹ்ரானுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். டார்ஃபூருக்கான ஆயுதத் தடை 2026 செப்டம்பர் 12 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் அதை நாடு முழுவதற்கும் விரிப்பதா, பழையபடியே புதுப்பிப்பதா என்று பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்கள் கைதூக்கியாக வேண்டும்.